டார்த் வேடருக்கு 40 மணி நேரம்: இஏ யாரிடம் பாடம் படித்தது?

2017 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2’ என்ற வீடியோ கேம் கடைக்கு வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. 80 டாலர் கொடுத்தும், ஸ்டார் வார்ஸ் படங்களின் முக்கியப் பாத்திரமான டார்த் வேடர் ஆட முடியாமல் பூட்டியே கிடக்கிறாரே என்று ஒரு ரசிகர் ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் புலம்பியிருந்தார். கேமை வெளியிடும் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், அதாவது இஏ, தன் அதிகாரப்பூர்வக் கணக்கிலிருந்து அவருக்குப் பதில் போட்டது. ஹீரோக்களை விளையாடித் திறக்கும்போது ஒரு பெருமையும் சாதித்த திருப்தியும் கிடைக்க வேண்டும், பூட்டு அதற்காகத்தான் என்பது பதிலின் சாரம். சாப்பாட்டுக்குக் காசு வாங்கிப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, பாயசம் வேண்டுமென்றால் மாவாட்டிவிட்டு வா என்றது போல.

அந்தப் பதிலுக்கு விழுந்த டவுன்வோட், அதாவது பிடிக்கவில்லை என்ற வாக்கு, 6.6 லட்சத்தைத் தாண்டியது. அதற்கு முன் ரெட்டிட்டில் எந்தப் பதிவும் அதன் பக்கத்தில்கூட வந்ததில்லை. கின்னஸ் சாதனையிலும் ஏறிவிட்டது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ரசிகர்கள் ஜெயித்தார்கள், இஏ திருந்தியது என்பது ஒன்று. அவங்க என்னைக்குமே திருந்த மாட்டாங்க என்பது இன்னொன்று. நடந்தவற்றைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் இரண்டும் ஒட்டவில்லை. இஏ பாடம் படிக்கிற நிறுவனம்தான், வேகமாகவே படிக்கும். ஆனால் எந்த வாசல் வழியாக வசூலித்தால் சத்தம் வராது என்பதைத்தான் அது படிக்கிறது. எவ்வளவு வசூலிப்பது என்ற கேள்வி அந்த வகுப்புக்கே வருவதில்லை.

முன்னால் வாங்கிய அடிகள்

கதை 2013 மார்ச்சில் ஆரம்பிக்கிறது. ‘சிம்சிட்டி’ புதிய பதிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து ஊர் கட்டுகிற ஆட்டம் அது. ஆனாலும் இணையம் இல்லாமல் ஓடாது என்று வைத்துவிட்டார்கள். வெளியான அன்றே சர்வர்கள் படுத்துவிட்டன. காசு கொடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள், கணினித் திரையில். பாரத்தைக் குறைக்க, ஆட்டத்தை வேகமாக ஓட்டும் வசதியையும் நிறுத்தினார்கள். ஆஃப்லைனில் ஓட வைப்பது பெரிய பொறியியல் வேலை, லேசில் ஆகாது என்று தயாரிப்புத் தரப்பு சொன்னது. சில நாளிலேயே ஒரு மோடர் (கேம்களைத் தானே மாற்றியமைக்கும் ரசிகர்) நிரலைக் கொஞ்சம் மாற்றி, இணையம் இல்லாமலும் ஓடும் என்று காட்டிவிட்டார். பரிகாரமாக இஏ ஒரு இலவச கேம் கொடுத்தது. அதிகாரப்பூர்வ ஆஃப்லைன் வசதி வர ஒரு வருடம் ஆனது.

அதே மாதம் தலைமை நிர்வாகி ஜான் ரிக்கிட்டியெல்லோ பதவி விலகினார். அதற்கடுத்த மாதம், கன்ஸ்யூமரிஸ்ட் என்ற நுகர்வோர் தளத்தின் வாசகர் வாக்கெடுப்பில் ‘அமெரிக்காவின் மிக மோசமான நிறுவனம்’ பட்டம் இஏவுக்கு இரண்டாம் முறையாக வந்தது. 2012, 2013 இரண்டு வருடமும் இறுதிச்சுற்றில் அது தோற்கடித்தது பேங்க் ஆஃப் அமெரிக்காவை. வீடு ஜப்தி செய்கிற வங்கியைவிட கேம் விற்கிற கடை மோசமா என்று சிரிக்கத் தோன்றும். எனக்கும் அது கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் கோபம் பொய்யில்லை. நாங்கள் இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்று அப்போதைய தலைமை இயக்க அதிகாரி பீட்டர் மூர் பகிரங்கமாகவே எழுதினார். அந்த செப்டம்பரில் ஆண்ட்ரூ வில்சன் தலைமைக்கு வந்தார். ‘விளையாடுபவரே முதலில்’ என்பது அவர் அடிக்கடி சொன்ன வாசகம். இவர் இஏவின் ஃபிஃபா கால்பந்து கேம் பிரிவிலிருந்து மேலே வந்தவர். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

2013 மே மாதம் டிஸ்னியிடமிருந்து ஸ்டார் வார்ஸ் கேம் உரிமையும் இஏவுக்குக் கிடைத்தது. அதில் வந்த முதல் பெரிய ஆட்டம் 2015 நவம்பரில் வெளியான ‘பேட்டில்ஃப்ரன்ட்’. ஸ்வீடனின் டைஸ் ஸ்டுடியோ செய்தது. பார்க்க அப்படியே படம், சத்தமும் அப்படியே. ரசிகர்களுக்கு இரண்டு குறை. ஒன்று, தனியாக விளையாடக் கதை இல்லை. இரண்டாவது, 60 டாலர் ஆட்டத்துக்கு மேல், பின்னால் வரும் புது மேப்களுக்காக, அதாவது ஆடுகளங்களுக்காக, 50 டாலர் சீசன் பாஸ். பாஸ் வாங்கியவர்கள் புது மேப்களுக்குப் போய்விட, வாங்காதவர்கள் பழைய மேப்களில் நின்றார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்ததில் இரண்டு பக்கமும் ஆள் குறைந்தது.

கதை வேண்டும், சீசன் பாஸ் வேண்டாம். ரசிகர்கள் கேட்டது அவ்வளவுதான். 2017இல் இஏ இரண்டையும் செய்து கொடுத்தது! இரண்டாம் பாகத்தில் கதை உண்டு. எல்லா மேப்பும் எல்லோருக்கும் இலவசம். ரசிகர் சொல்லை நிறுவனம் கேட்கிறதா என்று அந்த வருடம் நடுவில் யாராவது கேட்டிருந்தால், கேட்கிறதே என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் சீசன் பாஸில் வந்துகொண்டிருந்த 50 டாலரை யாராவது எங்கேயாவது ஈடுகட்ட வேண்டுமே? அங்கேதான் லூட் பாக்ஸ் உள்ளே நுழைந்தது. 2017 நவம்பரில் வெடித்தது 2015 குறைக்குச் செய்த நிவாரணம்தான்.

பெட்டிக்குள் என்ன இருந்தது

லூட் பாக்ஸ் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பெட்டி. வேறு கேம்களில் பெரும்பாலும் உடையும் வண்ணமும் இருக்கும். இந்தப் பெட்டியில் ஸ்டார் கார்டு இருந்தது. கார்டு உங்கள் வீரனை நிஜமாகவே பலமாக்கும்: அடி குறைவாகப் படும், ஆயுதம் சீக்கிரம் தயாராகும். அக்டோபரில் வந்த பீட்டாவில், அதாவது சோதனைப் பதிப்பில், போபா ஃபெட் என்ற பாத்திரத்துக்கு ஒரு கார்டு இருந்தது. அதன் உயர்ந்த வகை கையில் இருந்தால், அவர் ராக்கெட் பொழியும் நேரத்தில் அவருக்கு அடியே படாது. பெட்டியை விளையாடிச் சேர்த்த கிரெடிட் என்ற கேம் காசாலும் வாங்கலாம், கடன் அட்டையாலும் வாங்கலாம்.

கிரெடிட் எப்படிச் சேரும்? இந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு ரசிகர் பல ஆட்டங்களின் நேரத்தையும் வரவையும் குறித்து வைத்துச் சராசரி போட்டார். நிமிடத்துக்குச் சுமார் 25 கிரெடிட் வந்தது. டார்த் வேடர் விலை 60,000. வகுத்தால் 2,400 நிமிடம், அதாவது 40 மணி நேரம். தினமும் வேலை முடித்து வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நாற்பது நாள் ஆகும். லூக் ஸ்கைவாக்கர் என்ற இன்னொரு ஹீரோவுக்கு மேலும் நாற்பது நாள். அதுவும் நடுவில் ஒரு பெட்டிகூட வாங்காமல் இருந்தால்தான். சாதாரணப் பெட்டி ஒன்று 4,000 கிரெடிட். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரக் கூலி.

நிமிடக் கணக்கில் வருவதால் திறமைக்கு மரியாதை இல்லை என்பதும் தெரிந்துபோனது. முதலிடத்தில் முடித்தவருக்கும், மூலையில் ஒதுங்கி நின்றவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெருமை, சாதனை என்று பதில் எழுதியவர் இந்தக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆர்கேட் என்று தனியாளுக்கான ஒரு பிரிவும் இருந்தது. ஆன்லைனில் அடி வாங்க விருப்பமில்லாதவர்கள், மகளோடு சோபாவில் உட்கார்ந்து ஆடும் அப்பாக்கள் போகிற இடம். அதில் 500 கிரெடிட் சேர்ந்ததும் கதவு சாத்திக்கொண்டது. இன்னும் கிரெடிட் வேண்டுமென்றால் 14 மணி நேரம் கழித்து வா என்று திரையில் கடிகாரம் ஓடியது. முழு விலை கொடுத்து வாங்கிய ஆட்டத்தில், செல்போன் இலவச கேம்களின் காத்திருப்புக் கடிகாரம்!

ஐந்து நாள்

ஞாயிறு அந்தப் பதில். திங்கட்கிழமை இஏ ஹீரோ விலைகளை 75 சதவீதம் குறைத்தது. வேடர் 15,000க்கு வந்தார். கைதட்டல் அன்றைக்கே அடங்கிவிட்டது, ஏனென்றால் கதையை முடித்தால் கிடைக்கும் பரிசும் 20,000 கிரெடிட்டிலிருந்து 5,000 ஆகியிருந்தது. ஐடன் வெர்சியோ என்ற ஹீரோவைத் திறக்கிற விலைதான் அந்தப் பரிசு, ஹீரோ விலை குறைந்ததால் பரிசும் குறைந்தது என்று விளக்கினார்கள். கணக்குப்படி சரிதான். கடையில் அரிசி விலையைக் குறைத்த அன்றே சம்பளத்தையும் குறைத்தால் எப்படிப் படும் என்று யோசிக்க அங்கே யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

புதன்கிழமை டைஸ் குழுவினர் ரெட்டிட்டில் நேரடியாகக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். ‘கவனித்துக்கொண்டிருக்கிறோம்’ என்பதற்கு மேல் உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை. வியாழன் இரவு, உலக வெளியீட்டுக்குச் சில மணி நேரம் முன்பு, ஆட்டத்துக்குள் நிஜப் பணம் கொடுத்து வாங்கும் வசதியையே இஏ அணைத்தது. டைஸ் தலைவர் ஆஸ்கர் கேப்ரியல்சன் பெயரில் மன்னிப்பும் வந்தது. பின்னொரு நாளில் இந்த வசதி திரும்ப வரும் என்பதும் அதே அறிக்கையில் இருந்தது.

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். அடங்கியது. ஆனால் பிடுங்கிய கை யாருடையது?

டவுன்வோட் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை. அணைத்தது வியாழன் இரவு. இடையில் நான்கு நாள் இஏ தள்ளுபடியும் விளக்கமும்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. டிஸ்னி தலைமை இஏ தலைமையுடன் நேரடியாகப் பேசியது என்று அப்போது அமெரிக்க ஊடகங்கள் எழுதின. ஸ்டார் வார்ஸ் படங்களை எடுக்கும் டிஸ்னியின் லூகாஸ்ஃபில்மும் ரசிகர்கள் பக்கம் நின்று, இஏ முடிவை ஆதரித்து அறிக்கை விட்டது. அடுத்த மாதம் 15ஆம் தேதி புது ஸ்டார் வார்ஸ் படம் திரைக்கு வர இருந்தது. குழந்தைகளுக்குப் பொம்மை விற்கிற நிறுவனம், தன் பெயர் சூதாட்டம் என்ற சொல்லோடு சேர்ந்து செய்தியில் வருவதைப் பொறுத்துக்கொள்ளாது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் அந்த வாரமே விசாரணையைத் தொடங்கிவிட்டது. ஹவாய் சட்டமன்ற உறுப்பினர் கிறிஸ் லீ, இது ஸ்டார் வார்ஸ் வேஷம் போட்ட ஆன்லைன் சூதாட்ட விடுதி என்று மேடை போட்டே சொன்னார்.

ரசிகர்கள் கத்தியது வீண் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கத்தாமல் டிஸ்னிக்கோ பெல்ஜியத்துக்கோ தூக்கம் கலைந்திருக்காது. ஆனால் உரிமையைப் பறிக்கக் கூடியவரும் சட்டம் போடக் கூடியவரும் எழுந்து வந்த பிறகுதான் கடை சாத்தப்பட்டது.

ரசிகர்களின் பணப்பை என்ன சொன்னது? டிசம்பர் முடிவதற்குள் ஒரு கோடி பிரதி என்பது இஏ எதிர்பார்ப்பு. போனது சுமார் 90 லட்சம். உலகமே கழுவி ஊற்றிய ஆட்டத்துக்குப் பத்தில் ஒரு பங்குதான் நஷ்டம். நவம்பர் மாதத்தில் இஏ பங்கு 8.5 சதவீதம் இறங்கி, சந்தை மதிப்பில் சுமார் 300 கோடி டாலர் கரைந்தது. பங்குச்சந்தை பயந்தது 90 லட்சத்தைப் பார்த்தா, பெட்டி வருமானம் போய்விடுமே என்றா? இரண்டாவதுதான் என்பது என் ஊகம்.

இளஞ்சிவப்பு வேடர்

அந்த நவம்பர் கடைசியில் முதலீட்டாளர்களோடு பேசிய நிதித் தலைவர் பிளேக் ஜார்கன்சனிடம், பெட்டியில் பலம் தரும் கார்டுக்குப் பதில் வெறும் அலங்காரப் பொருள் வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். ஸ்டார் வார்ஸ் உலகின் மரபை மீறக் கூடாதே என்றார் அவர். வெள்ளை வேடர் பொருந்தாது, இளஞ்சிவப்பு வேடரும் யாருக்கும் வேண்டாம் என்றார். இளஞ்சிவப்பு நிறத்தின் மேல் எனக்குக் கோபமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். மரபு மீறக் கூடாது என்பதால் சூதாட்டப் பெட்டி வைத்தோம் என்கிற இந்த வாதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நான்கே மாதத்தில், 2018 மார்ச்சில், அதைத்தான் செய்தார்கள். ஸ்டார் கார்டு விளையாடினால் மட்டும் கிடைக்கும், பெட்டியில் அலங்காரம் மட்டும், ஹீரோக்கள் பூட்டில்லாமல். ஏப்ரலில் காசு வாங்கும் வசதி திரும்பியது, உடைகளுக்கு மட்டும். இளஞ்சிவப்பு வேடர் கடைசி வரை வரவில்லை. வானமும் இடியவில்லை.

அதன் பிறகு டைஸ் செய்தது நிஜமான வேலை. கிரீவஸ், ஓபி-வான், டூக்கு, அனகின் என்று 2018 அக்டோபரிலிருந்து 2019 பிப்ரவரி வரை வரிசையாக இலவச ஹீரோக்கள். 2019 மார்ச்சில் பெரிய புதுப் போர்முறை. 2020 ஏப்ரல் கடைசியில் ஸ்காரிஃப் மேப்போடு அப்டேட்களை நிறுத்தினார்கள். 2021 ஜனவரியில் எபிக் ஸ்டோர் என்ற இணைய கேம் கடையில் ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தபோது 1.9 கோடிப் பேர் எடுத்துக்கொண்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் நுழைந்தேன். முதல் நாளே வேடராக நடந்தேன். 40 மணி நேரம் எதற்கும் காத்திருக்கவில்லை. நல்ல ஆட்டம். ஸ்டுடியோ திருந்தியது, சந்தேகமே இல்லை.

அதே வீட்டின் இன்னொரு அறை

இப்போது ஃபிஃபா. அல்டிமேட் டீம் என்ற பிரிவில் வீரர்களின் கார்டுகளைப் பேக்கில் வாங்கி அணி அமைக்க வேண்டும். பேக்கில் யார் வருவார் என்று தெரியாது. காசு கொடுக்கலாம், பலமான வீரர் வந்தால் ஜெயிப்பது சுலபம். பேட்டில்ஃப்ரன்ட் 2 செய்த தப்பு அத்தனையும் இங்கே வருடா வருடம் நடந்துகொண்டிருந்தது. வேடருக்காக மன்னிப்புக் கேட்ட அதே வாரமும் பேக் விற்றது.

2018 ஏப்ரலில் பெல்ஜிய ஆணையம், ஃபிஃபா 18 உள்பட மூன்று கேம்களின் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்றது. பேட்டில்ஃப்ரன்ட் 2 அதற்குள் மாறிவிட்டதால் தப்பித்தது. பல நிறுவனங்கள் பெல்ஜியத்தில் பெட்டியை எடுத்தன. இஏ எடுக்க மறுத்தது, எங்களுடையது சூதாட்டம் இல்லை என்றது. வழக்கு நெருங்கிய பிறகு, 2019 ஜனவரி கடைசியில், பெல்ஜியத்தில் மட்டும், பேக் வாங்க உதவும் ஃபிஃபா பாயின்ட் விற்பனையை நிறுத்தியது. பக்கத்து நெதர்லாந்தில் ஒரு கோடி யூரோ அபராதம் விழுந்தது. அங்கே விடாமல் வழக்கு நடத்தி 2022 மார்ச்சில் மேல் நீதிமன்றத்தில் ஜெயித்தது. நடுவே 2019 ஜூனில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு முன் நின்ற இஏ அதிகாரி, நாங்கள் இதை லூட் பாக்ஸ் என்று சொல்வதில்லை, ‘ஆச்சரிய அம்சங்கள்’ என்போம் என்றார். கிண்டர் சாக்லேட் முட்டையோடு ஒப்பிட்டார்.

ஏன் இங்கே இவ்வளவு பிடிவாதம்? 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இஏவின் எல்லா விளையாட்டு கேம்களின் அல்டிமேட் டீம் பிரிவும் சேர்ந்து கொண்டுவந்தது 162 கோடி டாலர், மொத்த வருமானத்தில் 29 சதவீதம். அதில் பெரும்பங்கு ஃபிஃபாவுடையது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். ஸ்டார் வார்ஸ் மாடு உதைத்தது, அதனால் அதற்குப் பாட்டு. ஃபிஃபா மாடு நின்று கொடுத்தது.

ஸ்டார் வார்ஸுக்குப் பாடிய பாட்டு நன்றாகவே இருந்தது. 2017 அக்டோபரில், வேடர் கலகத்துக்கு ஒரு மாதம் முன்பு, இஏ விசரல் ஸ்டுடியோவை மூடி அவர்கள் செய்துகொண்டிருந்த ஸ்டார் வார்ஸ் கதை ஆட்டத்தை நிறுத்தியிருந்தது. நேர்கோட்டுக் கதை ஆட்டத்தைவிட, மறுபடி மறுபடி வந்து ஆடும் ஆட்டம்தான் சந்தைக்கு வேண்டும் என்பது அன்றைய நியாயம். இரண்டே வருடத்தில், 2019 நவம்பரில், ரெஸ்பான் ஸ்டுடியோவின் ‘ஜெடை: ஃபாலன் ஆர்டர்’ வந்தது. தனியாள் கதை, மல்டிபிளேயர் இல்லை, உள்ளே எதுவும் விற்பதில்லை. இல்லாதவற்றையே விளம்பரமாகச் சொன்னார்கள். ஒரு கோடிப் பிரதியைத் தாண்டியது.

சரி, இந்தப் பாடமாவது நிறுவனம் முழுக்கப் போய்ச் சேர்ந்ததா? 2021 நவம்பரில் ‘பேட்டில்ஃபீல்ட் 2042’ வந்தது. செய்தது அதே டைஸ். தனியாள் கதை இல்லை! 2015இல் கேட்ட அதே புகாரை ஆறு வருடம் கழித்து வேறு பெயரில் மறுபடி கேட்டார்கள். 2022 ஜூன் கடைசியில் இஏவின் ட்விட்டர் கணக்கு தனியாள் கேம் ஆடுகிறவர்களைக் கேலி செய்து ஒரு பதிவு போட்டது. ரெஸ்பான் தலைவர் வின்ஸ் ஸாம்பெல்லாவே தலையில் அடித்துக்கொள்ளும் எமோஜியோடு பதில் போட்டார். பிறகு அந்தக் கணக்கு அசடு வழிந்தது. இவ்வளவு பெரிய வீட்டில் ஒரு அறைக்குத் தெரிந்தது அடுத்த அறைக்குத் தெரிவதில்லை. ஆட்கள் மாறுகிறார்கள், ஸ்டுடியோக்கள் மூடப்படுகின்றன, பட்டவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். வருமான இலக்கு மட்டும் எல்லா அறையிலும் மாட்டியிருக்கிறது.

ரசிகர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். டவுன்வோட் போட்ட கையில் எத்தனை கை அந்த வாரமே ஃபிஃபா பேக்கும் பிரித்திருக்கும்? எண்ணிச் சொல்ல வழியில்லை. ஆனால் 162 கோடி டாலர் வானத்திலிருந்து விழவில்லை.

ஃபிஃபா பக்கம் ஒரே ஒரு அசைவு தெரிந்தது. 2021 ஜூனில் ஃபிஃபா 21இல் ‘ப்ரிவியூ பேக்’ என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வாங்குவதற்கு முன்பே பேக்கில் யார் இருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளலாம். பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். நல்ல ஏற்பாடு. பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டால், அடுத்த பேக்கை எட்டிப் பார்க்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். திரையில் கடிகாரம் ஓடும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பழைய பேக்குகள் பக்கத்திலேயே விற்பனையில் இருந்தன.